உத்தரவாதமுள்ள ஒட்டுக்கன்று

ஜாதிக்காயில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. காய்ப்பது பெண். ஆண் பூப்பதோடு சரி. மற்றபடி உரத்தையும் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு கௌரவமாக நிற்கும். எது ஆண், எது பெண் என்பது பூத்தால்தான் தெரியும். பூக்க ஐந்தாறு வருடம் ஆகும்.

அந்த ஐந்தாறு வருட இடைவெளியில்தான் நர்சரிக்காரரின் தொழில் தழைத்தது.

'பெண் மரத்து ஒட்டு. நூற்றுக்கு நூறு உத்தரவாதம்' என்று வாசலில் பலகை மாட்டியிருந்தார். தாய்மரம் எதுவோ, ஒட்டுக்கன்றும் அதுவே. அதில் பொய்யில்லை. ஆனால் அவர் ஒட்டுக்குக் குச்சி வெட்டியது அரசுத் தோட்டத்தில், சுவர் ஏறிக் குதித்து, இன்னும் பூக்கவே தொடங்காத ஒரு மரத்தில். தான் ஆணா பெண்ணா என்று அந்த மரத்துக்கே அப்போது தெரியாது.

"நாளைக்கு யாராவது வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றாள் மனைவி, பைகளில் மண் நிரப்பியபடி.

"ஆறு வருஷம் கழிச்சா? மண்ணு சரியில்லைன்னு சொல்லிட்டாப் போச்சு."

ஓய்வுபெற்ற நீதிபதி அம்மாள் ஒருவர் வந்து, ஒரே தடவையில் அறுபது கன்று கேட்டார்.

"ஆண் ஒண்ணுகூட வேண்டாம். வேலை வெட்டி இல்லாத ஆம்பளைங்களைக் கோர்ட்டுலயே நிறையப் பார்த்துட்டேன்."

நர்சரிக்காரர் நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்தார். மனைவி குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டாள்.

ஏழாம் வருடம் ஒரு காலை நேரம், அதே அம்மாள் வந்து இறங்கினார். கூடவே முறுக்கு மீசையும் கையில் நோட்டுப் புத்தகமுமாக ஒருவர்.

"கன்னு விஷயமா வந்தேன். அறுபதும் நல்லா பூக்குது. ரெண்டு வருஷமா ஒண்ணுலகூட ஒரு காய் இல்லை" என்றார் அம்மாள்.

அப்படியானால் அறுபதும் ஆண். முப்பது வருடம் பொய் கேட்டே சலித்துப்போன அந்த முகத்துக்கு முன்னால், மண் சரியில்லை என்று சொல்ல நர்சரிக்காரருக்கு வாய் வரவில்லை. மீசைக்காரர் நோட்டைத் திறந்தார்.

"உள்ளதைச் சொல்லிடுங்க. தண்டனையாவது குறையும்" என்று காதில் கிசுகிசுத்தாள் மனைவி.

அவர் சொல்லிவிட்டார். சுவர் ஏறியது, குச்சி வெட்டியது, காவலாளியைச் சரிக்கட்டியது, பலகை எழுதியது என்று ஒன்றுவிடாமல். மீசைக்காரர் பொறுமையாக எழுதிக்கொண்டார். இடையில் ஒன்றுதான் கேட்டார்.

"எந்தப் பக்கத்துச் சுவர்?"

"கிழக்குப் பக்கம் சார். ஸ்டேஷனுக்கு இப்பவே வரணுங்களா?"

"அதை ஸ்டேஷன்லதான் கேக்கணும். நான் போலீஸ் இல்லை. அந்தத் தோட்டத்துக் கண்காணிப்பாளர். மரம் ஏன் காய்க்கலைன்னு பார்க்க அம்மா கூப்பிட்டாங்க, போய்ப் பார்த்தேன்."

நர்சரிக்காரர் ஒன்றும் புரியாமல் அம்மாளைப் பார்த்தார்.

"அறுபதும் நீங்க சத்தியம் பண்ணின மாதிரியே பெண்தான், பக்கத்துல ஆண் மரம் இல்லாம காய் பிடிக்காதுன்னு இவர் சொன்னார், அதான் நாலு ஆண் கன்னு வாங்கிட்டுப் போகலாம்னு வந்தோம்" என்றார் நீதிபதி அம்மாள்.