கீறல் இல்லாத தட்டு

ஊரில் அந்த பங்க் ராக் பாட்டுக்கு இருந்தது ஒரே ஒரு இசைத்தட்டு. அதில் இரண்டாம் சரணத்தில் கீறல் விழுந்திருந்தது. முள் அங்கே வந்ததும் ஒரு வரியைத் தாண்டிக் குதிக்கும். பாட்டே அப்படித்தான் என்று நம்பி, நண்பர்கள் ஆல்வினும் இதாயத்தும் மேடையில் அந்தக் குதிப்போடு சேர்த்தே வாசித்தார்கள். கத்திக்கொண்டே வரும் இதாயத் வார்த்தையைப் பாதியில் வெட்டுவான், அதே நொடியில் ஆல்வினின் டிரம்ஸ் பாயும், கூட்டம் கொந்தளிக்கும். இதாயத்தை அடக்கம் செய்த வருஷம் அந்தத் தட்டும் எங்கோ போய்விட்டது. அதற்குப் பிறகு சுவர் நிறைய தட்டுகள் சேர்த்தும் அது மட்டும் ஆல்வினுக்குக் கிடைக்கவில்லை. இன்றுதான் வந்து சேர்ந்தது, உறை பிரிக்காத பழைய பிரதி. தட்டைச் சுழலவிட்டுத் தொடையில் தாளம் போட்டான். இரண்டாம் சரணத்தில் அவன் கை பாய்ந்தது, பாட்டு பாயவில்லை. முன்பின் கேட்டிராத ஒரு வரியை யாரோ ஒருவன் கத்தி முடித்தான். மனைவி மெர்லின் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்க, எதாவது குறையுதா?" என்றாள். "குறையல, கூடிப்போச்சு." ரேகை படாமல் விளிம்பைப் பிடித்துத் தட்டை எடுத்தான். வெளிச்சத்தில் சாய்த்து அந்த இடத்தைத் தேடினான். பிறகு, "உன் முந்தானை ஊக்கைக் கொஞ்சம் கொடு" என்று கை நீட்டினான்.