நாலாவது அறிவிப்பு

“புரியலை சார்” என்றாள் அக்கா, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தபடி.

குடிநீர் ஆபீஸ் பொறியாளருக்குச் சுருக்கென்றது. அவசரத்திலும் அழகாகத்தான் எழுதியிருந்தார்: ‘தொழில்நுட்பக் காரணங்களால் மூன்று தெருக்களில் குடிநீர் விநியோகம் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.’

ஆபீசைப் பெருக்கும் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வயதுள்ள பொறியாளரும் அப்படியே. எந்த அறிவிப்பானாலும் முதலில் அவளுக்குப் படித்துக் காட்டுவார். அவள் “புரியுது” என்று சொன்னால்தான் அது மைக் வண்டி ஏறும். மூன்று வருடமாக அவர் கைவிடாத வழக்கம். ‘ஊருக்கே புரியற மாதிரி பேசற ஆபீசர்’ என்று பெயர் எடுத்ததும் அதனால்தான்.

“இதுல என்னக்கா புரியலை?”

“நிறுத்திட்டீங்க, சரி. ஏற்கெனவே வந்த தண்ணி குடத்துல இருக்கே, அதைக் குடிக்கலாமா?”

பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு பத்து. ஐந்தரைக்குத் திறந்த தண்ணீரை ஆறு மணிக்குத்தான் அடைத்தார்கள். அரை மணி நேரத்தில் மூன்று தெருவிலும் குடங்கள் நிரம்பியிருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு உலை ஏறும் நேரம்.

மேலதிகாரி போனில் சொன்னது காதிலேயே நின்றது: “யாரையும் கிளப்பி விட்டுடாதீங்க. நம்ம பேரு கெடக்கூடாது.”

காகிதத்தைத் திருப்பி எழுதினார். “இப்பக் கேளுங்க. ‘குடிநீரின் தரத்தில் சிறு மாறுபாடு காணப்படுவதால் காய்ச்சிக் குடிக்கவும்.’”

“காய்ச்சினா, தொட்டி கழுவப் போட்ட பிளீச்சிங் பவுடர் போயிடுமா சார்?”

வெளியே மைக்செட்காரர் ஹாரனை அடித்தார்.

“மாறுபாடுன்னா என்ன சார்? புரியலையே.”

“அக்கா, இன்னைக்குன்னு பார்த்து உங்களுக்கு என்ன ஆச்சு? சட்டுனு பிடிச்சுக்குவீங்களே!”

“மரமண்டை சார். சில நாள் ஏற மாட்டேங்குது.”

மறுபடி எழுதினார். பேனா காகிதத்தைக் கிழித்தது. “‘ஊழியரின் கவனக்குறைவால் தொட்டி கழுவிய நீர் கலந்துவிட்டது. குடிக்க வேண்டாம்.’ போதுமா?”

அக்கா வாசலைப் பார்த்தாள். தண்ணீர் திறந்துவிடும் வால்வுக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இருபது வருஷமா கலரைப் பார்த்துத் தப்பாமத் திறப்பாரே சார் இவரு. சிவப்பு வால்வு சாக்கடைக்கு, நீலம் தெருவுக்கு. இவருக்கா கவனம் இல்லாமப் போச்சு? இதுதான் சுத்தமாப் புரியலை.”

பொறியாளர் நாற்காலியில் சாய்ந்தார். போன வாரம் மேலிடத்திலிருந்து சோதனைக்கு வருகிறார்கள் என்றதும், “எல்லா வால்வுக்கும் பளிச்சுனு ஒரே நீலம் அடிச்சிடுங்க, பார்க்க லட்சணமா இருக்கும்” என்று சொன்னவர் அவர்தான். சோதனையில் பாராட்டும் கிடைத்தது. இன்று இருட்டு பிரிவதற்குள் தொட்டியைக் கழுவி, ஒன்று போலிருந்த இரண்டு வால்வுகளில் தப்பானதைத் திறந்துவிட்டார் அந்த மனிதர்.

பொறியாளர் எழுந்தார். எழுதவில்லை. நின்றபடியே சொன்னார்.

“காலையில அஞ்சரையிலேர்ந்து ஆறு வரைக்கும் உங்க குழாய்ல வந்தது தொட்டி கழுவின தண்ணி. பிளீச்சிங் பவுடர் ரொம்ப இருக்கு. குடிக்காதீங்க, சமைக்காதீங்க, காய்ச்சியும் குடிக்காதீங்க. கொட்டிடுங்க. குடிச்சவங்க உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க, தெருமுனையில வண்டி நிக்கும். ஏழு மணிக்கு லாரியில நல்ல தண்ணி வரும். வால்வுக்கெல்லாம் ஒரே கலர் அடிக்கச் சொன்னது நான். தப்பு என்னோடது.”

“இப்பப் புரியுது சார்” என்றாள் அக்கா, துடைப்பத்தை எடுத்தபடி.

மைக்செட்காரர் காகிதத்துக்குக் கை நீட்டினார். பொறியாளர் அவரை ஒதுக்கிவிட்டு, தானே வண்டியில் ஏறி மைக்கைப் பிடித்தார். மூன்று தெருவிலும் சாக்கடைகள் குபுகுபுவென்று ஓடின.

மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தொண்டை எரிச்சலோடு வந்தவர்கள் பதினோரு பேர். எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்கள். அடுத்து மேலதிகாரி: “ஏன்யா, உன் தலையில நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டே? மெமோ வரும், வாங்கிக்கோ.”

“வரட்டும் சார்.”

காலிக் குடங்களோடு ஒரு கூட்டம் வாசலுக்கு வந்தது. முன்னால் நின்ற மீசைக்காரர், “கலர் அடிக்கச் சொன்ன மகராசன் யாரு?” என்று அதட்டினார்.

“நான்தான்.”

மீசைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. “அதான் மைக்லயே ஒத்துக்கிட்டீங்களே, இனி என்னத்தத் திட்டறது? சிவப்பு பெயிண்ட் என் கடையிலயே இருக்கு, ஆளை அனுப்புங்க.”

கூட்டம் கலைந்தது. பொறியாளர் முகத்தில் காலைக்குப் பிறகு முதன்முதலாகச் சிரிப்பு வந்தது.

“பார்த்தீங்களாக்கா? நாலாவது தடவையாவது உங்களுக்குப் புரிஞ்சுதே, இல்லேன்னா ஊரே கெட்டிருக்கும்.”

அக்கா மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “முதல் தடவையே புரிஞ்சுடுச்சு சார், நீங்க மறைக்கிறீங்கன்னு. எங்க சார் பொய் சொல்ல மாட்டாருன்னு மூணு வருஷமா எங்க தெரு முழுக்கப் பெருமையடிச்சு வெச்சிருக்கேன், அதைக் காப்பாத்தணும்ல?”