மூன்று கோழிகள் மட்டும்

"மூணு கோழிதாங்க சார். வேற எதுவும் இல்ல" என்றாள் அவள், கால்நடை அதிகாரி வாயைத் திறப்பதற்கு முன்பே.

கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னால் எந்த அதிகாரிக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டியிருந்த அந்த மனிதர் வாசலிலேயே நின்று அவளை ஏற இறங்கப் பார்த்தார். பின்னால் அவருடைய உதவியாளர் சாக்குகளுடன் நின்றிருந்தார்.

"பக்கத்துப் பண்ணையில பறவைக் காய்ச்சல்மா. ஒரு கிலோமீட்டருக்குள்ள கோழி, வாத்து, புறா எதையும் விட்டுவைக்கக் கூடாதுன்னு உத்தரவு. நல்லா இருக்கிறதும் போகத்தான் வேணும்."

"தெரியும் சார். அதான் பிடிச்சுக் கூண்டுல போட்டு வச்சிருக்கேன்."

கூண்டில் போடாதது ஒன்று இருந்தது. விடிவதற்கு முன்பே வாத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூசணிக் கொடிகளுக்கு நடுவில் கூடையைக் கவிழ்த்து மூடி, மேலே சாக்கைப் போர்த்திவிட்டு வந்திருந்தாள். இருட்டாக இருந்தால் வாத்து மூச்சுக் காட்டாது.

தோட்டத்து நத்தைகளை எல்லாம் தின்று தின்றே குண்டம்மா என்று பெயர் வாங்கிய வாத்து அது. அவள் கணவர் குஞ்சிலிருந்து வளர்த்தது. காலையில் அவர் தோட்டத்தில் வந்து உட்கார்ந்தால் அவர் காலடியை விட்டு நகராது. அவர் முகத்தில் சிரிப்பைப் பார்ப்பது அந்த ஒரு மணி நேரம்தான். அதையும் பிடுங்கிக்கொண்டால் மனுஷன் என்ன ஆவார் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

ஒளித்த விஷயத்தை அவரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவர் கண் அந்தப் பக்கமே போகும். மனசில் இருப்பதை முகத்தில் மறைக்கத் தெரியாத ஆள்.

அதிகாரி தோட்டத்துக்குள் வந்தார். புடலைப் பந்தலையும் காய்த்துத் தொங்கிய கத்தரிச் செடிகளையும் பார்த்துக் கொஞ்சம் இளகினார்.

"தோட்டம் ஜோரா இருக்கே."

"எல்லாம் அவர் வச்சது சார்."

கத்தரிச் செடிகளுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்து, "வணக்கம் ஐயா" என்றார் அதிகாரி. பதில் இல்லை. "இந்த மூணு கோழியைத் தவிர வேற ஏதாவது இருக்கா ஐயா?"

அதற்கும் பதில் இல்லை.

"அவரைக் கேக்காதீங்க சார். கோழிங்க போற துக்கத்துல இருக்கார்."

"நாங்க மட்டும் ஆசைப்பட்டா வர்றோம்? காலையிலிருந்து இது பதினேழாவது வீடு. எல்லார்கிட்டயும் சாபம் வாங்கியாச்சு" என்றார் அதிகாரி. குரலில் எரிச்சலைவிட அசதிதான் அதிகம் இருந்தது.

உதவியாளர் கூண்டைத் திறந்தார். கோழிகள் கொஞ்ச நேரம் கத்தின. பிறகு சாக்கின் வாயைக் கட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கணவரின் கண்கள் தண்ணீர்த் தொட்டியில், பந்தலுக்கு அடியில், வெண்டைச் செடிகளின் நிழலில் என்று அலைந்துகொண்டிருந்தன. எதைத் தேடுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. பக்கத்தில் போய்க் காதோடு ஒரு வார்த்தை சொல்லலாம் என்றால், நடுவில் அதிகாரி நின்றுகொண்டிருந்தார்.

போதாக்குறைக்கு நாய் வேறு. இவ்வளவு நேரம் நிழலில் படுத்துக் கிடந்தது, எழுந்து வாலை ஆட்டிக்கொண்டே நேராகப் பூசணிக் கொடிக்குள் போய்ச் சாக்கை முகர்ந்தது.

"டேய் கறுப்பா, இங்க வாடா."

"அங்க என்னம்மா இருக்கு?" என்றார் அதிகாரி.

"பெருச்சாளி வளைங்க சார். எந்நேரமும் அதுலயே மூக்கை விட்டுக்கிட்டுக் கிடப்பான்."

பெருச்சாளி என்றதும் அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்த உதவியாளர் சட்டென்று திரும்பி வந்துவிட்டார். கோழி பிடிக்க வந்த வீரர். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதிகாரி படிவத்தை நீட்டினார். "வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்."

"நானே போடறேன் சார்."

"எல்லாத்துக்கும் நீங்கதானா? ஐயா வாயே திறக்க மாட்டாரா?"

"நான் ஒருத்தி பேசறது போதாதுங்களா?"

உதவியாளர் சிரித்தார். மூன்று கோழிகள் மட்டும் என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். இன்னும் பத்தடி நடந்தால் வாசல். போய்விடுவார்கள்.

உதவியாளர் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியைக் கடந்து போனார். கணவர் அந்தச் சாக்கையே பார்த்தார். அவர் உதடு துடித்தது.

"குண்டம்மா… வா."

உடைந்து, கரகரத்து வந்த குரல்தான். ஆனால் பூசணி இலைகள் ஆடின. கூடை சரிந்தது. சாக்கை உதறிக்கொண்டு வெளியே வந்த வாத்து, இறக்கைகளை விரித்து, கத்திக்கொண்டே ஓடிவந்து அவர் கால்களுக்கு நடுவில் நின்றது.

உதவியாளர் சாக்கைக் கீழே வைத்தார். "ஐயாவே காட்டிக் குடுத்துட்டாரே."

"என்னம்மா இது?" என்றார் அதிகாரி. கையிலிருந்த படிவத்தைக் கசக்கினார். அவள் காலில் விழுந்து கெஞ்சுவாள், இல்லையென்றால் புருஷனைப் பிடித்துத் திட்டித் தீர்ப்பாள் என்று காத்திருந்தார்.

அவள் இரண்டும் செய்யவில்லை. ஓடிப்போய் மண்ணில் மண்டியிட்டு, கணவரின் முகத்தை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, "என்னங்க… இன்னொரு தடவை சொல்லுங்க" என்று அழுதாள்.

பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "பக்கவாதம் வந்து பதினாலு மாசம் ஆச்சு சார், இன்னிக்குத்தான் முதல் தடவையா வாய் திறந்திருக்கார். இன்னும் ஒரே ஒரு தடவை அதைக் கூப்பிட்டுக்கட்டும், அப்புறம் கொண்டுபோங்க."