நலன் மார்க்

காலையில் பல் துலக்கினேன். பால் காய்ச்சினேன். பட்டறையில் கொடுத்த, குரலைப் பதியும் பட்டையை மணிக்கட்டில் கட்டி, "விருப்பத்தோடு வேலைக்கு வருகிறேன்" என்று அதனிடம் சொன்னேன். எங்கள் திருப்பூர் சாயப்பட்டறையில் எல்லோரும் சொல்ல வேண்டும். துணி வாங்கும் வெளிநாட்டார் விதி.

என் மனைவி சௌடேஸ்வரி சாயத்தொட்டியருகே மயங்கி விழுந்து இறந்து பதினாறு நாள். பட்டறையின் நலன் அலுவலர் வீட்டுக்கு வந்தார்.

"அவங்க கடைசி நாள் வாக்குமூலம் பட்டையில பதிவாகலைங்க தம்பி. அதில்லாம துணி வாங்கறவங்க பட்டறைக்கு நலன் சான்று தரமாட்டாங்க. பழைய பதிவை வெச்சு இந்த மிஷினே அவங்களுக்காகப் பேசிருச்சு. கேட்டுட்டு ஒப்புக்குங்க."

அவள் குரலில் மிஷின் பேசியது: "பாதுகாப்பாக இருக்கிறேன். குறையில்லை."

"இது அவ சொன்னதில்லீங்க."

"அப்ப நீங்களே சொல்லுங்க, பதிஞ்சுக்கறேன்."

இறந்த அன்று காலை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னதைச் சொன்னேன்.

"மூச்சு வாங்குதுங்க. லீவு போட்டா பட்டறையோட நலன் மார்க் கொறைஞ்சிருமாம். போயிட்டு வந்தர்றனுங்க."