ஒப்பிட வந்தவர்

ஐஸ் சுற்றிய குழாய்க்குள் நான் ஊதிய மூச்சு, சொட்டுச் சொட்டாக நீராகிக்கொண்டிருந்தது.

காயத்தில் ஊற்றினால் நுரைக்குமே பெராக்சைடு, அது எல்லோர் மூச்சிலும் துளி இருக்குமாம், ஆஸ்துமாக்காரர்களுக்குக் கூடுதலாம். கூடினால் உள்ளே புண். உடற்பயிற்சி அதைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா என்று 2002-இல் வேலூரில் ஒரு டாக்டரம்மா ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அவர் சொன்னபடி சில மாதங்களாகத் தினமும் நடந்தேன். அன்று ஆஸ்பத்திரி சைக்கிளை மிதித்த பிறகு ஊதச் சொன்னார். கூடியிருந்தால் நடையை நிறுத்திவிட வேண்டும்.

பள்ளிக்கூட வேலைக்கும் அடுப்புக்கும் நடுவே எனக்கென்று இருந்தது அந்த நடை மட்டும்தான். பயந்துகொண்டேதான் ஊதினேன்.

ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஆள் வேண்டுமென்று, துணைக்கு வந்திருந்த என் கணவர் இன்பசேகரனையும் சைக்கிளில் ஏற்றினார்கள்.

“பை தூக்க வந்தவன புடிச்சி மிதிக்க வெச்சிட்டாங்க பாரு, புஷ்பம்!”

சளி, இருமல் என்று ஒருநாளும் படுத்தவரில்லை. என் இன்ஹேலரைத் தேடிக் கொடுப்பதுதான் அவருக்கு எப்போதும் வேலை.

சாயங்காலம் முடிவுகளைப் பார்த்த டாக்டரம்மா, நர்ஸைக் கூப்பிட்டார்.

“கமலம், பேர மாத்தி ஒட்டிட்டீங்களா? கம்மியா இருக்கறது ஜெயபுஷ்பம்னு இருக்கு, கூட இருக்கறது சார் பேருல.”

“இல்ல மேடம், சரியாத்தான் ஒட்டுனேன்.”

என் கணவரை மறுபடி ஊதச் சொன்னார்கள்.

“இன்னா மேடம், இவ ஆஸ்துமா எனக்கு ஒட்டிக்கிச்சா?”

எல்லோரும் சிரித்தோம்.

மறுபடியும் அதே முடிவுதான். எனக்குக் கூடவில்லை. நான் நடக்கலாம். சந்தோஷத்தில் என் கணவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை.

“சார், நீங்க எங்க வேலை பாக்கறீங்க?”

“ஆம்பூர்ல, லெதர் கம்பெனி. தோலுக்குக் கலர் அடிக்கற ஸ்ப்ரே செக்‌ஷன். கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்து அங்கதான்.” பெருமையாகத்தான் சொன்னார். “மாஸ்க் குடுப்பாங்க. நமக்குத்தான் ஒண்ணும் ஆவறதில்லியே, கழட்டி வெச்சிடுவேன்.”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார்.

மறுநாள் விடியற்காலை நான் செருப்பு மாட்டும்போது அவரும் எழுந்து வந்தார். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி இருவரும் வெகுதூரம் நடந்தோம்.

அடுத்த மழைக்காலத்தில் மூச்சு வாங்கி, பாலத்தோடு நின்றுவிட்டார்.

“நீ போய்ட்டு வா புஷ்பம். நான் இங்கியே நிக்கறேன்.”

இப்போதும் முழுத் தூரமும் போய்த்தான் திரும்புகிறேன். பாலத்தைத் தாண்டும்போது மட்டும், அவர் நின்றிருந்த காலி இடத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை.