வெளியிடவா?

"இதை யாருங்க படிப்பாங்க?" என்று அன்று காலை மனைவி கேட்டாள். "ஏன், நீ படிக்க மாட்டியா?" "உங்க பேச்சையே நான் காதுல வாங்கறதில்ல, எழுத்து வேறயா!" மென்பொருள்களைச் சோதிக்கும் வேலையிலிருந்த கணவர் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினார். எழுதியதைத் தானாகச் சேமிக்காத மென்பொருள்களை வறுத்தெடுத்து, தன் புது வலைப்பூவுக்கு முதல் கட்டுரை எழுதியிருந்தார். "இந்த வலைப்பூப் பக்கமே தானா சேமிக்காது. எங்க கம்பெனி மென்பொருளையும் திட்டியிருக்கேன், மேனேஜர் பார்த்தா தொலைஞ்சேன். சாயங்காலம் வந்து துணிஞ்சு 'வெளியிடு' பொத்தானை அமுக்கறேன்." அலுவலகப் படிக்கட்டிலேயே அவர் மூச்சு நின்றுவிட்டது.

பன்னிரண்டு நாளாக அந்தக் கட்டுரை திரையில் அப்படியே நிற்கிறது. மடிக்கணினியின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. மின்சாரம் போனால் எழுத்தும் போய்விடும். அதனால் ஒயர் பக்கம் துடைப்பத்தைக்கூட அவள் கொண்டுபோவதில்லை. இப்போது மேலே விளக்கு ஒருமுறை மங்கி எரிகிறது. அவருடைய நாற்காலியில் ஏறி உட்கார்ந்து அந்தப் பொத்தானை அமுக்குகிறாள். 'வெளியிடவா?' என்று திரை கேட்கிறது. யாராவது கேலி செய்தால் பதில் சொல்ல அவர் இல்லையே. விளக்கு மறுபடியும் மங்குகிறது. "படிக்கறேங்க," என்று முணுமுணுத்தபடி 'ஆம்' என்பதை அமுக்குகிறாள். கட்டுரை வெளியாகிறது, அவர் பெயரோடு. நாற்காலி இன்னும் அவர் உயரத்துக்கே இருக்கிறது. அவள் பாதம் தரையைத் தொடவில்லை.