நனையாத கோடு

பிள்ளை பெறுகிறவளுக்கு அடியில் விரித்துக் கட்டிலோரம் தொங்கவிடும், கண்ணாடி போன்ற அந்த பிளாஸ்டிக் பையை வடிவமைத்தவள் ஜெசிந்தா. படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்று அதில் ஒரே ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தாள். பையில் சேரும் ரத்தம் கோட்டைத் தொட்டால் ஆபத்து, உடனே ஆம்புலன்ஸ் வண்டியைக் கூப்பிட வேண்டும். மலைமேல் இருந்த அந்தச் சுகாதார நிலையத்துக்கு அவள் வந்தபோது நர்ஸ் செவந்தி வாயெல்லாம் பல்லாக வரவேற்றாள்.

“ராசியான பை மேடம். வந்ததுலேர்ந்து ஒருத்திக்குக்கூட கோடு நனையல.”

ஜெசிந்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளே, சற்று முன் பிள்ளை பெற்ற மாதம்மா கண்மூடிக் கிடந்தாள். கட்டிலோரம் தொங்கிய பையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஒரு சொட்டுகூடவா இருக்காது?

“அடியில என்ன துணி?”

“பிளாஸ்டிக் சில்லுனு இருக்கும்ல, பாவம். பழைய சேலைய மடிச்சு மேல போட்டுருவோம். பையும் அழுக்காகாது.”

“எல்லாருக்குமா?”

“பின்ன? எல்லாருக்குந்தான்.”

ஜெசிந்தா மாதம்மாவின் இடுப்புக்கடியில் கையை விட்டாள். சேலை வெதுவெதுப்பாக, ஊறிக் கனத்துக் கிடந்தது.

“குளுருதுக்கா” என்று முனகினாள் மாதம்மா.

“வண்டியக் கூப்பிடுங்க!” ஜெசிந்தா அலறினாள்.

செவந்தி குழப்பத்தோடு பையைப் பார்த்தாள். “கோடுதான் நனையலையே மேடம்?” என்றபடி, மாதம்மாவுக்குப் போர்த்த ஏதாவது எடுக்க அலமாரியைத் திறந்தாள். உள்ளே, துவைத்தும் கறை போகாத சேலைகள் மேல்தட்டு வரை அடுக்கியிருந்தன.